ஆட்டுக்குத் தண்டம், பத்தைக்கு நெருப்பு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மேற்கால இருந்து வாற வரட்டுக் கச்சான் காத்து தொடங்கினா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையான எங்கட படுவான்கரைப் பக்கம் மேற்கால புகை தெரியுதா எண்டு பாக்கிறதே ஒரு வேலையாப் போயிடும். மாரி மழைக்கு கினிப்புல்லு ஆள் உயரத்துக்கு எழும்பும், இலுக்கு, நாயுண்ணி, சூரைப்பத்தை எல்லாம் சேந்து வளரும், ஜூன் வரக்குள்ள அவ்வளவும் சருகு. பிறகு ஆராவது குப்பைக்கு வைச்ச நெருப்பு, இல்லாட்டி சிறுபோகம் வெட்டி முடிய வைக்கோலுக்கு வைச்சது, இல்லாட்டி புதுப்புல்லு முளைச்சா மான் வரும் எண்டு வேட்டைக்காரன் வைச்சது. மின்னலால காடு பத்தின எண்டு எங்கட பக்கம் நான் கேள்விப்பட்டதில்ல, எல்லாம் மனிசன் வைக்கிறதுதான். அது பனங்காட்டுக்குள்ள போய் காவோலையில ஏறிச்செண்டா மறுகா ஒண்டும் செய்யேலாது, தீயணைப்பு வண்டி டவுன்ல இருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வரணும், வந்து சேரக்குள்ள வேலி, மாட்டுக்கொட்டில், கசுமரம் எல்லாம் போயிடும்.

நான் எழுத வந்தது நெருப்பை அணைக்கிறதைப் பத்தி இல்ல. எரியுறதுக்கு ஏன் அவ்வளத்தையும் வளத்து வைச்சிருக்கிறம், காய முதல் ஆட்டை விட்டு மேயவிடலாமே எண்டுதான் கேக்கன்.

அமெரிக்காவுல கலிபோர்னியாவுல ரீகன் ஜனாதிபதிட பேருல ஒரு நூலகம் இரிக்கு, மலைக்கு மேல, சுத்திவரப் பத்தைக்காடு. 2019 மே மாசம் அவங்க 500 ஆட்டை வாடகைக்கு எடுத்து சுத்திவர 13 ஏக்கரை மேய விட்டாங்க. அதே வருசம் அக்டோபர் 30 காட்டுத்தீ வந்து அந்த மேஞ்ச இடத்துல வேகம் குறைஞ்சு போச்சு, தீயணைப்பு ஆக்களுக்கு நிண்டு அடிக்க இடம் கிடைச்சிது, கட்டடம் தப்பிட்டு. ஸ்பெயின்ல அந்தலூசியாவுல அரசாங்கமே இடையருக்குக் காசு குடுக்குது, நெருப்பு தாண்டக்கூடாது எண்டு வெட்டி வைச்சிரிக்கிற இடைவெளியில ஆடு மேய்க்கிறதுக்கு, அதுவும் சும்மா இல்ல, எவ்வளவு மேஞ்சிரிக்கு எண்டு வந்து பாத்துத்தான் குடுக்கிற. அங்க ஊர்ச்சனம் கிராமத்தை விட்டுப் போய் ஆடு மாடு குறைஞ்ச பிறகுதான் பத்தை பெருகி நெருப்பும் பெருத்த. இதை வாசிக்கக்குள்ள எனக்கு நம்மட மயிலத்தமடு மாதவணை மேய்ச்சல் தரையில மாடு வளக்கிற பண்ணையாளர்தான் ஞாபகம் வந்தாங்க, 2023ல அந்தத் தரை வேணும் எண்டு சித்தாண்டியில றோட்டோரம் குந்தியிருந்து போராடின சனம். மாடு மேயாட்டி அந்தப் புல்லு எங்கயும் போகாது, நிண்டு காயும், அவ்வளவுதான்.

இங்க என்ன நடக்குது? ஆடு றோட்டுக்கு வந்தா கட்டாக்காலி, அதாவது காவல் இல்லாம அலையிறது எண்டு ஸ்பீக்கர்ல அறிவிக்கிற, பிடிச்சுக் கட்டுற, தண்டம் கட்டி எடுக்கச் சொல்லுற. அந்த றோட்டுக்கு இந்தப் பக்கம் பாத்தா லண்டன்லயும் சுவிஸ்லயும் இரிக்கிற ஆக்கள்ட காணி வருசக்கணக்கா பத்தை மண்டிக் கிடக்கு, வேலி நல்லா இரிக்கு, படலைக்குப் பூட்டும் போட்டிரிக்கு. தண்டம் கட்டுறது ஆரெண்டு பாத்தா யுத்தத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவி எண்டு ரெண்டு மூணு ஆடு குடுத்தாங்களே, அந்தக் குடும்பங்கள்தான், கனபேர் புருசன் இல்லாத பொம்புளையள். ஆட்டைக் குடுத்தவங்க மேய்ச்சலுக்கு இடம் குடுக்கல்ல. அந்த மனிசி வெயிலுக்குள்ள கொக்கத்தடியோட பூவரசங்குழையும் கிளிசரியாக் குழையும் தேடி ஒழுங்கை ஒழுங்கையாத் திரியுது, நூறு யார் தள்ளி ஆட்டுத்தீனி எரியிறதுக்குக் காத்துக்கொண்டு கிடக்கு. இதைவிட விசர்த்தனம் வேற என்ன?

ஆனா ஒண்டைச் சொல்லணும், ஆட்டை எப்ப விடுற எண்டதுலதான் எல்லாம் கிடக்கு. ஆகஸ்ட்ல புகையைக் கண்டு போட்டு ஓடிப்போய் ஆட்டை விட்டா ஒரு பிரயோசனமும் இல்ல, காய்ஞ்சு தடியாப்போன கினிப்புல்லை ஆடு மோந்து பாத்திட்டு அங்கால போயிடும். பெரும்போக அறுவடை முடிஞ்ச கையோட, மார்ச் ஏப்ரல்ல, குழை பச்சையா இரிக்கக்குள்ள விடணும், மே முடியுறதுக்குள்ள ரெண்டு தரம் மேய்ஞ்சிடணும். மாடு நிலத்துப் புல்லைத்தான் தேடும், ஆடு ரெண்டு காலுல நிமிந்து நிண்டு மேலயும் இழுக்கும், அதால நிலத்து நெருப்பு பத்தையில ஏறி மரத்துக்குப் போற வழி அறுந்து போகும். 30 கிலோ ஆடு ஒண்டு ஒரு நாளைக்கு மூணு நாலு கிலோ பச்சைக்குழை திங்கும். 500 ஆட்டுக்கு நாங்க எங்க போற எண்டு கேக்கவேணாம், ஒரு ஊருல அஞ்சாறு வீட்டு ஆட்டைச் சேத்தாலே இருபது வரும், காணிகளை ஒண்டொண்டா முடிக்கலாம். ஆடு மேஞ்ச இடத்துல பிழுக்கை பசளையாக் கிடக்கும், அது வேற.

இப்ப பத்தைக்குச் செய்யிறது, மண் வெட்டுற பெக்கோ மெசினைக் கொண்டு வழிக்கிற, இல்லாட்டி எண்ணெய், அதாவது களைகொல்லி மருந்து அடிக்கிற. பெக்கோ வழிச்ச மொட்டை நிலத்துல அடுத்த மழைக்கு முதல்ல எழும்புறது அதே கினிப்புல்லுதான். எண்ணெய் அடிச்ச பத்தை நிண்ட நிலையில செத்துக் காயும், அதை விட நல்ல விறகு கிடையாது, அதுக்குள்ள ஆட்டை விடவும் ஏலாது.

ஆட்டுல பிழை இல்லையா? இரிக்கு. கட்டுப்பாடு இல்லாம விட்டா வேப்பங்கண்டெல்லாம் தின்னு போடும், கண்டு நட்ட இடத்துக்குக் கிட்டவும் விடப்படாது. நாயுண்ணி ஆட்டுக்கு நஞ்சு, அதைக் கத்தியால வெட்டித்தான் எடுக்கணும். காவோலையை ஆடு தின்னாது, பனைக்குக் கீழ மனிசன்தான் கூட்டிப் பொறுக்கணும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு காட்டோரம் நிண்டா யானை வரும். ஆட்டுக்கள்ளன் எண்டு ஒரு சாதி இரிக்கான், ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டக்கிட்ட அவன்ட கரைச்சலும் கூடும், அதால பட்டிக்குப் பக்கத்துல ஆள் நிக்காம முடியாது, அந்த ஆளுக்கு நாட்கூலி குடுக்கணும். இதெல்லாம் சேத்துப் பாத்தாலும் ஒரு பெக்கோட மணித்தியால வாடகைக்கு முன்னால பெரிய காசு இல்லையெண்டுதான் நினைக்கன்.

யானை ஊருக்குள்ள வராம போட்டிரிக்கிற கரண்ட் வேலி எண்டதும் இன்னொண்டு. வேலிக்குக் கீழ புல்லு வளந்து கம்பியில முட்டினா கரண்ட் இறங்கிப்போயிடும், யானை சும்மா தள்ளிக்கொண்டு வரும். கம்பிக்கு நேர கீழ கத்தியாலதான் வெட்டணும், ஆடு ஒருக்கா மூக்கை வைச்சு அடி வாங்கினா மறுகா கிட்டயும் போகாது. ஆனா ரெண்டு பக்கமும் ஒரு பத்துப் பதினைஞ்சு யார் ஆட்டை மேயவிட்டா நெருப்புக்கும் இடைவெளி, வேலி பாக்கப் போற ஆக்களுக்கும் வழி. காட்டுக்குள்ள விடச்சொல்லி நான் கேக்கல்ல, வன இலாகாவோட சண்டைக்கு நிக்க எனக்குத் தெம்பும் இல்ல. ஊரோரம், வேலியோரம், குளக்கட்டுக்கு வெளிப்பக்கம், வெறுங்காணி, இவ்வளவும் போதும்.

பிரதேச செயலகமும் பிரதேச சபையும் கமநல ஆக்களும் ஒருநாள் குந்தியிருந்து பேசினா முடியிற அலுவல். எந்தெந்தக் காணி, எந்த மாசம், ஆர்ட ஆடு எண்டு ஒரு லிஸ்ட், ஆட்டுக்காரருக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்தா அவங்களைக் கட்டாக்காலி எண்டு ஆரும் பிடிக்கேலாது. மிருக வைத்தியர் முதல்ல ஒருக்கா ஆட்டைப் பாத்து பூச்சிமருந்து குடுத்தா நல்லம், பலவீட்டு ஆடு ஒண்டாச் சேரக்குள்ள வருத்தமும் சேந்து வரும்.

வெளிநாட்டுல இரிக்கிற காணிக்காரர் இந்தப் பேப்பரை நெட்ல வாசிக்கிறது எனக்குத் தெரியும். காணியை ஆரும் பிடிச்சிடுவாங்க எண்டு பயந்தா ரெண்டு மாசத்துக்கு மட்டும் எண்டு திகதி போட்டு ஜீஎஸ்ஸுக்கு, அதான் கிராம சேவகருக்கு, ஒரு கடிதம் அனுப்புங்க, படலைத் திறப்பையும் சொந்தக்காரர் ஆர்ட்டயாவது குடுத்து விடுங்க, மார்ச்சுக்கு முதல்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வவுணதீவு, மட்டக்களப்பு.