ஆடு திரும்பி வர வழி விடுங்கள்: சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை இரவு நம் மைன்கிராஃப்ட் சர்வரில் துப்புரவு பிளகின் (வேண்டாததைத் தானாக அழிக்கும் துணை நிரல்) ஓடியதும், மேற்குப் புல்வெளிப் பொதுத் தொழுவம் காலியானதும் உங்களுக்குத் தெரியும். சாட்டில் ஆளாளுக்குப் பேசியாயிற்று. "லேக் குறைந்ததா இல்லையா?" என்று நீங்கள் கேட்டதோடு பேச்சும் அடங்கிவிட்டது. லேக், அதாவது கேம் திணறித் தாமதமாவது, குறைந்திருக்கிறது, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஊரையே காலி செய்தால் தெருவில் நெரிசல் இருக்காதுதான்.

அந்தப் பேச்சின் நடுவே உங்களில் ஒருவர், "ஆடு மாடு போனால் என்ன, தானாக ரீஸ்பான் ஆகிவிடும்" என்று எழுதியிருந்தார். (ஸ்பான் என்றால் கேமில் பிறப்பது, ரீஸ்பான் என்றால் மறுபடி பிறப்பது.) இந்த மடல் அந்த ஒரு வரிக்காகத்தான். ஆகாது. நம் சர்வரில் இப்போது இருக்கும் நிலையில் ஆகவே ஆகாது. ஏன் ஆகாது என்பது சர்வர் நடத்துகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஆடு மாடுகளும் ஸோம்பியும் ஒரே கணக்கில் வருவதில்லை. ஸோம்பி இருட்டில் முளைக்கும், நாம் தள்ளிப் போனால் மறையும், மறுபடி வேறெங்கோ முளைக்கும். அதற்கான முயற்சியை கேம் ஒவ்வொரு டிக்கிலும் (கேமின் கடிகாரத் துடிப்பு), அதாவது நொடிக்கு 20 முறை, செய்துகொண்டே இருக்கும். ஆடு மாட்டுக்கு 400 டிக்குக்கு ஒரு முயற்சிதான். சர்வர் திணறாமல் ஓடினால் 20 விநாடிக்கு ஒருமுறை. அதுவும் புல் பிளாக்கின் மேல், வெளிச்சம் 9-க்குக் குறையாத இடத்தில், பக்கத்தில் 24 பிளாக்குக்குள் எந்த பிளேயரும் இல்லாதபோது. அப்புறம் மாப் கேப், அதாவது உயிர்களின் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு, இருக்கிறது. தனி உலகில் ஒரு பிளேயருக்கு அரக்க மாப்கள் 70 என்றால் விலங்குகள் 10. அந்தப் பத்து நிரம்பியிருக்கும்வரை புதிதாக ஒரு கோழிக்குஞ்சுகூட வராது. ஸோம்பி மாதிரி மறைகிற சாதி இல்லை என்பதால், அந்தப் பத்து பெரும்பாலும் நிரம்பித்தான் கிடக்கும்.

ஆக, நாம் வெளியில் பார்க்கிற ஆடு மாடுகளில் முக்கால்வாசி அந்தச் சங்க் (கேம் உலகின் ஒரு நிலத்துண்டு) முதன்முதலாக உருவானபோதே அதோடு பிறந்தவை. புதிதாக உருவாகிற சங்க்குகளிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. ஒரு புல்வெளியில் இருந்ததை அடித்துத் தின்றுவிட்டால், அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011 நவம்பரில் 1.0 வெளியானபோதே விலங்குகளை இணைசேர்க்கும் வசதியைக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோதுமை, பன்றிக்கு கேரட், கோழிக்கு விதை. ஐந்து நிமிடம் பொறுத்தால் மறுபடி இணைசேரும், 20 நிமிடத்தில் குட்டி வளர்ந்துவிடும். இரண்டே இரண்டு இருந்தால் போதும், மந்தை கட்டிவிடலாம்.

அந்த இரண்டுதான் இல்லை.

நீங்கள் உலக எல்லையைப் போட்டிருக்கிறீர்கள். கோப்பின் அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும், புரிகிறது. எல்லைக்குள் இருக்கிற நிலம் முழுக்கச் சுற்றிப் பார்த்தாயிற்று, எனவே புதுச் சங்க் உருவாகவும் வழியில்லை, அதோடு வருகிற ஆடும் இல்லை. இருந்ததைப் பிளகின் துடைத்துவிட்டது. சரி, துடைத்தபின் மாப் கேப்பில் இடம் காலியாகியிருக்குமே, 20 விநாடிக்கொரு முயற்சியில் மெதுவாகவாவது வருமே என்றால், புக்கிட் என்ற சர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் விலங்குகளின் ஸ்பான் வரம்பை 0 ஆக்கிவிட்டதாக உங்கள் மாற்றப் பட்டியலின் கடைசி வரியில் இருக்கிறது. பத்து இருந்த இடத்தில் பூஜ்யம். உங்களைக் கேட்பது இதுதான்: அந்த எண்ணை மறுபடி 10 ஆக்குங்கள். வேறெதையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தொழுவத்தை ஒருமுறை வந்து பாருங்கள். வேலி அப்படியே இருக்கிறது, கதவு சாத்தியே இருக்கிறது. ஆடுகள் இருந்தவரை உள்ளே பாதி இடம் வெறும் மண்ணாகத்தான் கிடக்கும், புல்லைத் தின்றால்தானே கத்தரித்த ரோமம் திரும்ப வளரும். இப்போது ஒரு மண் பிளாக் பாக்கியில்லாமல் பச்சை பிடித்துவிட்டது. மேலே வானம், நாலு மூலையிலும் டார்ச். புல் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஆளும் இல்லை. ஒரு ஆடு பிறப்பதற்கு கேம் கேட்கிற நிபந்தனை எல்லாம் அந்த வேலிக்குள் நிறைவேறியிருக்கிறது, உங்கள் பூஜ்யத்தைத் தவிர.

அந்த மந்தையில் இயற்கையாகப் பிறந்த ஓர் இளஞ்சிவப்பு ஆடும் இருந்தது. சாயம் போட்டதில்லை. 500 ஆட்டில் ஒன்றுகூட அப்படி வராது என்பது உங்களுக்கும் தெரியும். துப்புரவுக்கு முன் சாட்டில் வந்த அறிவிப்பு: "60 விநாடிகளில் தேவையற்ற உயிர்கள் நீக்கப்படும்."

பழைய பிளேயர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து எங்களுக்கெல்லாம் கட்டில் இருக்கிறது, பெட்டி நிறையத் தோல் இருக்கிறது. புத்தக அலமாரி வேண்டுமென்றால் மரகதத்தைக் கொடுத்து நூலகரிடம் வாங்கிக்கொள்வோம். அடி வாங்குவது புதிதாகச் சேர்கிறவர்கள். அவர்களில் ஒருவரின் முதல் நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

உலகத்தின் தொடக்கப் புள்ளியில் வந்து இறங்குகிறார். அதைச் சுற்றி 24 பிளாக்குக்குள் எப்போதுமே எதுவும் ஸ்பான் ஆகாது, அது கேமின் விதி, உங்கள் தப்பில்லை. கொஞ்சம் நடந்தால் ஆடு தென்படும் என்று நம்பி நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். சாயங்காலம் ஆகிவிடுகிறது. ஒரு கட்டிலுக்கு மூன்று ரோமம், மூன்று பலகை. பலகை கையில் இருக்கிறது, ரோமம் இல்லை. கிராமத்துக் கட்டில்களை என்றைக்கோ யாரோ தூக்கிக்கொண்டு போயாயிற்று. நூலில் செய்யலாமே என்பீர்கள். நாலு நூலுக்கு ஒரு ரோமம், ஆக ஒரு கட்டிலுக்கு 12 நூல். ஒரு சிலந்தியைக் கொன்றால் அதிகபட்சம் இரண்டு நூல் கிடைக்கும், ஒன்றுமே கிடைக்காமலும் போகும். கையில் மரக்கத்தியோடு, கட்டில் இல்லாத ராத்திரியில், கட்டிலுக்காகச் சிலந்தி வேட்டை. செத்துப்போகிறார்.

எங்கே ரீஸ்பான் ஆவார்? கட்டிலில் படுத்திருந்தால் அதன் பக்கத்தில். இல்லாததால் மறுபடி தொடக்கப் புள்ளியில். செத்த இடத்தில் சிதறிய சாமான், அந்தப் பக்கம் ஆள் இருக்கும் நேரக் கணக்கில், ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். இருட்டில் அதைத் தேடி அலைவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடி வெறுங்கை. கேம் கணக்கில் மூன்று நாள் தூங்காவிட்டால் ஃபேன்டம் என்ற பறக்கும் அரக்கன் வேறு தலைக்கு மேலே வட்டமடிக்க ஆரம்பிக்கும். ஆடு ரீஸ்பான் ஆகாததால் மனிதன் ரீஸ்பான் ஆக இடமில்லை, விஷயம் இவ்வளவுதான். இப்படி வந்து, ஓரிரு ராத்திரி பார்த்துவிட்டு, சொல்லாமல் போனவர்கள் பெயரெல்லாம் உங்கள் பதிவில் இருக்கும்.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. நம் சர்வரில் தூங்குவோர் சதவீத விதி இன்னும் 100-லேயே இருக்கிறது. கட்டில் இல்லாத ஒருவர் முழித்திருந்தால் மற்ற எல்லோரும் படுத்தும் பொழுது விடியாது. "யாரப்பா இன்னும் தூங்காதது?" என்று தினமும் சாட்டில் ஒரு சத்தம். அந்தப் பிள்ளை எதில் போய்த் தூங்கும்?

கோழி மட்டும் தப்பித்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். முட்டையைப் பெட்டியில் போட்டு வைத்தவர்கள் அதை எறிந்து எறிந்து குஞ்சு எடுத்துக்கொண்டார்கள். எட்டில் ஒரு வாய்ப்பு, இருந்தாலும் வாய்ப்புதான். அது முட்டையிலிருந்து வருவதால் உங்கள் வரம்பு அதைத் தொடவில்லை. விளைவு, லேக் வரக் காரணமாக இருந்த கோழிகள்தான் இன்று சர்வர் முழுக்க இருக்கின்றன. ஒரு தொந்தரவும் செய்யாத ஆடு மாடு ஒன்றுகூட இல்லை. அடுத்த துப்புரவுக்கு அடுத்த நாளே கோழிகள் மறுபடி வந்துவிடும்.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. துப்புரவு முடிந்த மறுநாள் நிர்வாகக் கடையில் ஆட்டு ஸ்பான் முட்டையும் மாட்டு ஸ்பான் முட்டையும் விற்பனைக்கு வந்திருந்தன. தற்செயலாகத்தான் இருக்கும். புது வரவு வாங்க முடியாத விலை என்பதும் தற்செயல்தான். இன்னொன்று, 1.21.5-க்கு மாறியபோது "குளிர்நிலத்து மாடு, வெப்பநிலத்து மாடு எல்லாம் வந்தாச்சு!" என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள். படத்தில் நன்றாக இருந்தன. வரம்பு பூஜ்யத்தில் இருக்கும்போது அவை எந்த வழியாக வந்தன என்று மட்டும் தெரியவில்லை. எங்களில் ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை. தோல் வேண்டுமென்றால் நெதர் என்ற பாதாள உலகுக்குப் போய் ஹாக்லின் என்ற மூர்க்கப் பன்றியை அடியுங்கள் என்று ஒரு யோசனையும் சொல்லப்பட்டது. மந்திர மேசைக்கு ஒரு புத்தகம், சுற்றிவர 15 அலமாரிக்கு 45 புத்தகம், புத்தகத்துக்கு ஒரு தோல் வீதம் மொத்தம் 46 தோல். கட்டில்கூட இல்லாத ஆளை நெதரில் உள்ள கிரிம்சன் காட்டுக்கு ஹாக்லின் வேட்டைக்கு அனுப்புவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. பல மாதமாகவே இங்கே எந்த மாற்றமும் எங்களைக் கேட்டு நடப்பதில்லை. நடந்தபின் பட்டியலில் கடைசி வரியாக வருகிறது. வாக்கெடுப்புப் பகுதி என்று ஒன்று திறந்தீர்கள், அதில் இதுவரை கேட்கப்பட்டது தலைப்பாகை நிறம் பற்றி மட்டும்தான்.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கெங்கோ போகிறது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

லேக் நிஜமான பிரச்சினை, அதற்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் லேக்கை உண்டாக்குவது பரவலாக மேய்கிற ஆடுகள் அல்ல, ஒரே குழிக்குள் நூற்றுக்கணக்கில் அடைத்து வைக்கிற கோழிப் பண்ணைகள். அதற்கான கருவி கேமிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் உயிர்கள் நெருக்கியடித்து 24-ஐத் தாண்டினால் மூச்சுத் திணறிச் சாகும்படி ஒரு கேம் விதி 1.11-லிருந்து உண்டு. நம் சர்வரில் அதை யாரோ கேட்டு அணைத்து வைத்திருக்கிறீர்கள். யார் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அதை மறுபடி 24-ல் வையுங்கள், வேண்டுமானால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரர்கள் கொஞ்சம் சத்தம் போடுவார்கள், போடட்டும். துப்புரவு பிளகினைக் கீழே கிடக்கும் பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது பெயர்ப்பட்டை போட்ட விலங்கையும் கயிற்றில் கட்டிய விலங்கையுமாவது தொடாமல் விடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் உங்கள் வசதிப்படி. உலக எல்லையை இந்த மாதமே தள்ளிப் போடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. தொலைந்த மந்தையைத் திருப்பித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை, பேக்கப்பைப் புரட்டினால் மற்றவர்கள் கட்டியதும் சேர்ந்து போய்விடும். விலங்குகளின் ஸ்பான் வரம்பை 10-க்குத் திருப்புங்கள், முயற்சி இடைவெளி 400-லேயே இருக்கட்டும். மீதியை அந்த 20 விநாடிகள் பார்த்துக்கொள்ளும். எங்காவது ஒரு மலைச்சரிவில் இரண்டு ஆடு பிறந்தால் கூட்டி வந்து கோதுமை போட நாங்கள் இருக்கிறோம்.

ஒரு எண் மாற்றுகிற வேலை. அடுத்த வாராந்திர ரீஸ்டார்ட்டோடு சேர்த்துச் செய்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தயவுசெய்து செய்யுங்கள். முடியாது என்றால் முடியாது என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள், அதையும் ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறோம். "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்று பதில் எழுதுவதாக இருந்தால், எந்தத் தேதிக்குள் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.

நன்றியுடன்,
மேற்குப் புல்வெளித் தொழுவத்துக்கு வேலி போட்டவர்களில் ஒருவன்