மென்மயிர் இலைச் செடிகளுடன் வரும் தவறான பராமரிப்பு அட்டை குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: செடிகள் அழுகியமை, பராமரிப்பு அட்டையைத் திருத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடமிருந்து நான் மென்மயிர் அடர்ந்த தடித்த இலைகளைக் கொண்ட இரண்டு பாண்டா செடிகளும் ஒரு கரடிப்பாதச் செடியும் வாங்கினேன். மூன்றும் நல்ல நிலையில்தான் வந்து சேர்ந்தன. ஆறே வாரங்களில் அவற்றுள் இரண்டு அழுகிவிட்டன. பெட்டிக்குள் இருந்த பராமரிப்பு அட்டையில் சொல்லியபடியே ஒரு நாளும் தவறாமல் செய்து வந்ததால்தான் அவை அழுகின என்பதே என் புகார்.

இலைகளின் மீது நாள்தோறும் இருவேளை நீர் தெளிக்குமாறு அந்த அட்டை கூறுகிறது. பாண்டா செடி மடகாஸ்கரைச் சேர்ந்தது. கரடிப்பாதச் செடி தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. கடும் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பவும், இலையை ஒட்டிய காற்றை அசையாமல் நிறுத்தி நீர் ஆவியாவதைக் குறைக்கவும் உதவுவதே அவற்றின் மென்மயிர். வழவழப்பான இலையில் விழும் நீர் உருண்டோடிவிடும். மயிரடர்ந்த இலையிலோ அது சிக்கிக்கொண்டு நெடுநேரம் உலராமல் நின்று, புள்ளி விழுவதற்கும் பூஞ்சைக்கும் அழுகலுக்கும் வழி செய்கிறது. வறட்சியைத் தாங்கப் பிறந்த செடியை, ஈரம் விரும்பும் பெரணியைப் போல நடத்தச் சொல்கிறது தங்கள் அட்டை.

மூன்றாவது வாரத்தில் அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. பிறகு அவ்விலைகள் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மையடைந்து, விரல் பட்டாலே உதிர்ந்தன. படங்களை அனுப்பிக் கேட்டபோது, செடி வாடுவதால் கூடுதலாக நீர் ஊற்றுமாறு தங்கள் ஊழியர் பதில் எழுதினார். நீரின்றி வாடும் இலை மெலிந்து சுருங்கும். நீர் மிகுந்து கெடும் இலை உப்பிக் குழையும். இந்த வேறுபாடு நான் அனுப்பிய படங்களில் தெளிவாகவே தெரிகிறது. அந்தப் பதிலை நம்பி மேலும் நீர் ஊற்றியதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

செடிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது தண்டின் அடி கறுத்திருந்தது. பீங்கான் தொட்டியில் வடிகால் துளையே இல்லை. உள்ளே நிரப்பியிருந்தது முழுக்க முழுக்கத் தென்னை நார்த்தூள். மேற்பரப்பு உலர்ந்து தெரிந்தாலும் அடியில் சேறாக இருந்தது. எஞ்சிய பாண்டா செடியின் நல்ல நுனித்தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து, பருமணலும், பெர்லைட் எனும் இலேசான வெண்ணிறக் கல்துகளும் கலந்த மண்ணில், துளையுள்ள சுடுமண் தொட்டியில் நட்டேன். மண் முழுவதும் உலர்ந்த பின்னரே, இலையில் படாமல் மண்ணில் மட்டும் நீர் விடுகிறேன். வெளிச்சம் மிகுந்த சன்னலோரத்தில் அது புதிய இலை விட்டிருக்கிறது. அதே வீடு, அதே கைகள். மாறியவை தொட்டியும் மண்ணும் நீரூற்றும் முறையுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இச்செடிகள் வளர்ப்பு விலங்குகளுக்குத் தீங்கற்றவை என்று அட்டை கூறுகிறது. பாண்டா செடி கலாங்கோ இனத்தைச் சேர்ந்தது. அவ்வினச் செடிகளில் பூனை, நாய்களின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய நச்சுப்பொருள்கள் உள்ளன. என் வீட்டில் பூனை இருக்கிறது. இந்த ஒரு வரியையாவது நாளைக்கே நீக்குங்கள்.

அழுகிய இரு செடிகளுக்கான தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, அட்டையைத் திருத்தி அச்சிடவும், துளையுள்ள தொட்டிகளில் நீர் எளிதில் வடியும் மண்ணிட்டு அனுப்பவும், பழைய அட்டையைப் பெற்ற அனைவருக்கும் திருத்தத்தைத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். அவர்களில் பலர் இன்று காலையும் நீர் தெளித்திருப்பார்கள்.

பதினைந்து நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். அட்டையின் நகலும், செடிகளின் படங்களும், தங்கள் ஊழியரின் பதிலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்