ரெனின் பற்றிக் கேட்டாள்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. போன் போட்டால் "நல்லா இருக்கேன்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். மூன்று ஞாயிறாக இதே வார்த்தை. கடிதத்தை நடுவில் கட் செய்ய முடியாதே, அதனால்தான்.

மாடி வீட்டுப் பெண் நீட் எழுதப்போகிறாள். நேற்று, ரெனின் என்கிற சிறுநீரக நொதியைப் பற்றிச் சந்தேகம் கேட்டு வந்தாள். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் சிறுநீரகம் வரைய உட்கார்ந்தால் கை தானாகப் போகிறது. வடிகட்டி முடிச்சுக்குள் ரத்தம் நுழைகிற சிறு குழாயின் சுவரிலேயே சில செல்கள் காவல் இருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் ரெனினை விடும். ரெனின் நேராக அழுத்தத்தை ஏற்றாது. அது ஒரு கத்தரிக்கோல். கல்லீரல் அனுப்பும் புரதத்திலிருந்து பத்து அமினோ அமிலத் துண்டு ஒன்றை வெட்டும். நுரையீரலில் உள்ள இன்னொரு நொதி அதில் இரண்டைக் கழிக்கும். மிச்சம் எட்டு இருக்கிறதே, அதுதான் ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. அட்ரினல் சுரப்பியையும் தட்டி எழுப்பி உப்பைப் பிடித்து வைக்கிறது. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். 1898-ல் ஸ்டாக்ஹோமில் முயலின் சிறுநீரகத்தை அரைத்து வேறு முயல்களுக்கு ஊசி போட்டுக் கண்டுபிடித்தார்கள் என்றேன். "அதெல்லாம் கேட்க மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

உனக்கு இதெல்லாம் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எழுதி விலங்கியலில் 196 வாங்கியவன். ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊறுகாயைக் குறைத்துக்கொள். கவிதாவிடம் சொல்லி அப்பளத்தையும்.

சின்ன வயசிலேயே பிரஷர் வந்தால் ஏன் சிறுநீரகத்தைப் பார்க்கிறார்கள் என்றும் கேட்டாள். 1934-ல் கோல்ட்பிளாட் என்பவர் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கிடுக்கி போட்டு இறுக்கியதைச் சொன்னேன். அங்கே வரும் ரத்தம் குறைந்ததும், உடம்பு முழுக்கவே அழுத்தம் விழுந்துவிட்டதாகச் சிறுநீரகம் ஏமாந்துபோய் ரெனினைக் கொட்டுகிறது. நாய்க்கு பிரஷர் ஏறுகிறது. அதனால்தான் முப்பத்து மூன்று வயசுக்காரனுக்கு 158/104 என்றால் ரெனின் டெஸ்ட்டும், ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

சரி, மறைப்பானேன். இந்த இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவே இல்லை. பொங்கலுக்கு நீ விட்டுப்போன நீல பேண்ட்டை ஊறவைத்த பிறகுதான் பாக்கெட்டில் சீட்டு இருப்பது தெரிந்தது. தேதி மார்கழியில். இரண்டு நாள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? கவிதாவுக்காவது தெரியுமா?

மறைக்க யாரிடம் கற்றாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உன் அப்பாவுக்கு எனாலாப்ரில் ஆரம்பித்ததும் வறட்டு இருமல் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாத்திரை நுரையீரல் நொதியைத் தடுப்பது. சிலருக்கு இருமல் வரும், வேறு வகைக்கு மாற்றினால் நின்றுவிடும். எனக்குத் தெரியும் செந்தில். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டதும் தெரியும். இருமல் நின்றது, அட்டை மட்டும் தீரவில்லை. அரையாண்டுத் தாள் 220 கிடந்தது. திருத்திவிட்டுக் கேட்கலாம் என்று இருந்தேன். திருத்தி முடித்தும் கேட்கவில்லை. ராத்திரி தூங்க முடிகிறதே என்றுகூட இருந்தது. அப்புறம் மாசி வந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டபோது, போட்டார் என்றேன். அவர் இடது கையால் சோறு பிசையும்போது நான் தண்ணீர் எடுக்க எழுந்து போவதை நீ பார்த்திருப்பாய்.

டெஸ்ட் எடுத்தாயா இல்லையா? சில மாத்திரைகள் ரெனின் அளவை மாற்றிக் காட்டும். என்னென்ன போடுகிறாய் என்று டாக்டரிடம் சொல்லு, நீயாக எதையும் நிறுத்தாதே. இருமல் வந்தாலும் நிறுத்தாதே, போய்ச் சொல்லு. ஊறுகாய் வேண்டாம். உனக்கென்று வைத்திருந்த மாவடுவை மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

சீட்டைக் காயவைத்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். மை பரவியிருக்கிறது, எண் தெரிகிறது. தபாலில் அனுப்பவா, வந்து எடுத்துக்கொள்கிறாயா?

அம்மா