மாடிப்படிச் சுவரில் கோடு கிழித்தவருக்கும் மற்றெல்லோருக்கும் நன்றி

அன்புடையீர்,

ஆறு பெருகி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ள வரைபடம் தயாரிக்கும் எங்கள் குழு இதை எழுதுவது நன்றி சொல்வதற்காக. சேறு காய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி, மாடிப்படிச் சுவரில் இரவெல்லாம் பென்சிலால் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் மணியைக் குறித்துவைத்தவருக்கு. நீர் ஏறும்போது கிழித்தவை இடப்பக்கம், வடியும்போது கிழித்தவை வலப்பக்கம். ஒரு கோட்டருகே ‘படகு போன அலை, சேர்க்க வேண்டாம்’ என்றுகூட எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த இரவில், யாரும் கேட்காமலே செய்த வேலை இது. அதனால் என்ன கிடைத்தது என்பதை அவருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நீர்மட்டத்தைக் காட்டும் ஆற்றோர அளவுகோல் பலகை, வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே மூழ்கிவிட்டது. ராடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் அது தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில் வெள்ளம் உச்சத்தில் இருப்பது அபூர்வம். கட்டடங்கள் நெருங்கிய தெருக்களில் ராடார் அலை நீரிலும் சுவரிலும் பட்டு, வறண்ட இடத்திலிருந்து வருவதுபோல வலுவாகத் திரும்புவதால், தேங்கிய நீரைக்கூட வறண்ட இடம் என்று எடுத்துக்கொள்ள நேரும். கடைசியில் மிஞ்சுவது சுவரில் படிந்த சேற்றுக் கறைதான்.

அந்தக் கறையையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஓட்டத்துக்கு எதிரே நிற்கும் சுவரில் நீர் முட்டி மேலேறும். நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் ஏறத்தாழ 20 செ.மீ. ஏறும். வளைந்த கிளையில் சிக்கிய குப்பை, கிளை நிமிர்ந்ததும் இன்னும் உயரத்தில் நிற்கும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரியும் நிலத்தில், நீர்மட்டத்தில் 10 செ.மீ. தவறினால், வெள்ளத்தின் ஓரம் வரைபடத்தில் 100 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு தெருவே உள்ளே போகும், அல்லது வெளியே வரும். மாடிப்படிச் சுவர் வீட்டுக்குள் இருந்தது. அங்கே நீருக்கு ஓட்டமில்லை. அதனால் அந்தக் கோடுகளில் இருப்பது உண்மையான மட்டம்.

உயரத்தைவிட அருமையானது அவர் குறித்த நேரம். வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் கணினி மாதிரியில் நீரின் அளவைக் கூட்டினாலும் மட்டம் உயரும், ஆற்றுப்படுகையின் சொரசொரப்பைக் கூட்டினாலும் உயரும். உச்சக் கறையை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று பிரிக்க இயலாது. சொரசொரப்பு கூடினால் வெள்ளம் தாமதமாக வந்து சேரும். எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். கீழ்ப்பகுதியில் இருப்பவர்கள் வெளியேற எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதும் அதிலிருந்துதான் வரும். உயிர்களைக் காக்கும் கணக்கு அது. ஐயா அல்லது அம்மா, யாராக இருந்தாலும், கைகூப்புகிறோம்.

உயரத்தை அளக்கும் லெவல் கருவி வைக்க மொட்டைமாடியைத் திறந்துவிட்டவர்கள், ஏணி கொடுத்தவர்கள், நாங்கள் அளந்து முடிக்கும்வரை சுவரைக் கழுவாமல் பொறுத்தவர்கள், விளக்குக்கம்பமோ வாசற்படியோ தெரியும்படி படம் எடுத்து அனுப்பியவர்கள் எல்லோருக்கும் நன்றி. அசையாத ஒரு பொருள் படத்தில் இருந்தால், நீர் வடிந்த பிறகும் அதை வைத்து உயரத்தை அளந்துவிடலாம்.

ஒவ்வொரு கோட்டையும் கடல்மட்டத்தோடு இணைத்து அளந்து, அந்த உயரங்களை வரைபடத்தோடு சேர்த்துப் பொதுவில் வைப்போம். மாதிரியின் கணக்கும் சுவரின் கோடும் ஒத்துப்போகாத இடங்களை மறைக்க மாட்டோம். அவற்றைத் தனி நிறத்தில் காட்டுவோம். வெள்ளம் படுகையை அரித்திருப்பதால், ஆற்றின் குறுக்குவெட்டையும் புதிதாக அளப்போம். பழைய அளவை வைத்து அடுத்த எச்சரிக்கையைக் கணக்கிட மாட்டோம்.

இன்னும் அளக்காத வீடுகளில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். சுவரைக் கழுவுமுன், வீட்டுக்குள் கறையின் மேல்விளிம்பில் அழியாத மையால் மெல்லிய கிடைக்கோடு போட்டு, தேதியும், தெரிந்தால் நேரமும் எழுதுங்கள். சாக்பீஸ் வேண்டாம், அழிந்துவிடும். பக்கத்தில் அளவு நாடாவைத் தரையிலிருந்து பிடித்து ஒரு படம் எடுத்துவைத்தால், பிறகு சுண்ணாம்பு அடித்தாலும் பரவாயில்லை.