இரங்கல் பக்கத்தில் ஒரு படைவீரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் நினைவஞ்சலிப் பக்கத்தில் முன்னாள் படைவீரர்களைப் பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. '1971 பங்களாதேஷ் போரில் பங்கேற்றவர், பல விருதுகள் பெற்றவர், பாசமிகு கணவர், தந்தை.' பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும். அந்தத் தலைமுறை எண்பதை ஒட்டி நிற்கிறது. எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் அச்சிடும் தங்களுக்கும் பயன்படட்டும் என்று சில விவரங்கள்.

தேவையானதெல்லாம் பரண்மேல் கிடக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண், பதவி, பெயர் எழுதியிருக்கும். அதை முதலில் படம் எடுத்து வையுங்கள். புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்க ஆசைப்படும் ஆள் ஒருவராவது எல்லா வீட்டிலும் உண்டு. உள்ளே டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விலகும்போது கொடுத்த பணிப் பதிவுப் புத்தகம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, படைப்பிரிவு, பதக்கங்கள், மனைவி மக்கள் பெயர் எல்லாம் அதில் உண்டு. தயவுசெய்து அதை லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் பழைய மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தால் போதும்.

1971 என்றாலே பங்களாதேஷ் என்று எழுதிவிடுகிறார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டின் 16வது பட்டாலியன் அந்த டிசம்பரில் போரிட்டது மேற்கே, ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில். அந்தப் பட்டாலியன்காரரை டாக்காவுக்கு அனுப்பி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. சந்தேகம் வந்தால் பதக்கத்தைப் பாருங்கள். கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார். இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையினரிடம் 'ஸ்ரீலங்கா' பட்டையுடன் விதேஷ் சேவா மெடல் இருக்கும். இவையெல்லாம் பணியாற்றியதற்கான பதக்கங்கள். வீர் சக்ரா போல வீரச்செயலுக்குத் தருபவை வேறு. இரண்டையும் கலந்து 'வீர விருது' என்று போட்டால், கூடப் பணியாற்றிய நண்பர்கள் படித்துவிட்டு முகம் சுளிப்பார்கள்.

வட்டப் பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எண், பதவி, பெயர் தெரியும். நட்சத்திர வடிவில் இருந்தால் பின்புறம். அங்கேதான் குடும்பத்தார் குழம்புவார்கள். சுபேதாராக ஓய்வு பெற்றவரின் பதக்கத்தில் 'சிப்பாய்' என்றும் வேறு எண்ணும் இருந்தால், அது யாருடையதோ என்று நினைத்துவிட வேண்டாம். சுபேதாருக்கு முந்தைய படியான நாயிப் சுபேதார் ஆகும்போது ஜே.சி. என்று தொடங்கும் புது எண் வரும். பதக்கம் பழைய எண்ணோடேயே இருந்துவிடும். அதேபோல கௌரவ கேப்டன் வேறு, கேப்டன் வேறு. 'கௌரவ' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. சிப்பாயாகச் சேர்ந்து அந்த இடம்வரை வந்தவர் என்பதே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்துப் பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்க்கும் வீடுகள் உண்டு. நாலைந்து வருடம் தேய்த்தால் விளிம்பு எழுத்து மழுங்கிவிடும், அப்புறம் அது யாருடைய பதக்கம் என்பதற்குச் சாட்சி இல்லை. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தனித்தனியே துணியில் சுற்றி வைக்கலாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கி ரிப்பன் இற்றுப்போகும்.

பாசமிகு தந்தை என்பதற்கும் பெட்டியிலேயே அத்தாட்சி கிடைக்கும். மணியார்டர் படிவத்தின் கூப்பன் துண்டில் நாலு வரிக்குத்தான் இடம். அதற்குள் பள்ளிக்கூடச் சம்பளம் இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, மிச்சம் அம்மா கையில் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு துண்டைப் படமாகப் போட்டால் பத்து அடைமொழி மிச்சமாகும். இன்லண்ட் கடிதங்களில் அவர் இருந்த ஊர்ப்பெயர் இருக்காது, ராணுவ அஞ்சலக (ஏ.பி.ஓ.) எண்தான் இருக்கும். 56 ஏ.பி.ஓ. என்றால் டெல்லி வழி, 99 ஏ.பி.ஓ. என்றால் கொல்கத்தா வழி. தேதியையும் டிஸ்சார்ஜ் புக்கையும் சேர்த்துப் பார்த்தால் அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

இறந்தபின் செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் ஓய்வூதியம் வழங்கும் இடத்துக்கு, ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் இருந்தால் அதிலேயே, தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் அடுத்தடுத்த மாதப் பணம் வழக்கம்போலக் கணக்கில் ஏறும். காரியச் செலவுக்கென்று அதை ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால், பிற்பாடு குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் மனைவியின் பெயர். டிஸ்சார்ஜ் புக்கில் கூப்பிடும் பெயர், ஆதாரில் வைத்த பெயர்; ஒன்றில் அப்பா இனிஷியல், மற்றொன்றில் கணவர் இனிஷியல். பிறந்த தேதியோ பல புத்தகங்களில் காலியாகவே கிடக்கிறது. 80 வயது நிறைந்தால் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85ல் 30, 90ல் 40. தேதி பதிவாகவில்லை என்றால் அந்த உயர்வு தானாக வராது. பெயரையும் பிறந்த தேதியையும் சரிசெய்ய, கணவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு அவருடைய படைப்பிரிவின் பதிவகத்துக்கு விண்ணப்பித்துவிட்டால் வேலை சுலபம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்குப் பதிவகம் வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்கள் எனும் பொறியாளர் படையினருக்கு பெங்களூருவில். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணை, இருவரின் ஆதார் ஆகியவற்றை அசலும் நகலுமாக எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவப் பதிவக எழுத்தர்,
வேலூர்