அவர்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் போக வேண்டும்

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பணியாற்றும் எல்லோருக்கும், வணக்கம்.

உங்கள் காத்திருப்போர் பட்டியலில் நான்கு வருஷம் இருந்தவள் எழுதுகிறேன். இப்போது அதில் என் பெயர் இல்லை. வலது பக்க அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக, முகம் தெரியாத ஒருவருடைய சிறுநீரகம் பதினாறு மாதமாக எனக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. (பழைய இரண்டையும் எடுக்கவில்லை, அவை சுருங்கி அதே இடத்தில் கிடக்கின்றன. "எங்கம்மாவுக்கு மூணு கிட்னி" என்று மகள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.)

உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அந்தச் சிறுநீரகத்தைத் தந்தவர் வீட்டுக்கு என் கடிதம் போய்ச் சேர ஒரு வழி. ஆனால் இந்தப் பதினாறு மாதம் எனக்கு என்னவென்று சொல்லாமல் கேட்டால் அது ஏதோ மனு மாதிரி ஆகிவிடும்.

முப்பத்து நாலு வயதில் தலைவலி என்று போன இடத்தில் பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வீட்டுக்காரர் அன்றைக்கே தன்னுடையதைத் தருகிறேன் என்றார், ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அப்புறம் செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ். இடது கையில் இரண்டு பெரிய ஊசி, நான்கு மணி நேரம், முடிந்து வந்தால் பஸ் ஏறத் தெம்பு இருக்காது, மறுநாள் கொஞ்சம் தேறித் தையல் மிஷினில் உட்கார்ந்தால் அதற்கு மறுநாள் மறுபடியும் ஊசி. காயை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடணும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், தாகத்தைத்தான் பொறுக்க முடியாது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பேன். மே மாத வெயிலில் விளையாடிவிட்டு வந்து மகள் சொம்பைத் தூக்கி மடக்மடக்கென்று குடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இரண்டு முறை போன் வந்து, ஓடிப் போய், திரும்பி வந்தேன். ஒரு கிட்னிக்கு இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, யார் ரத்தம் அதை ஏற்கும் என்ற கிராஸ்மேட்ச் சோதனை பார்த்துப் பொருந்துகிறவருக்கு வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாவது தடவை கூடக் காத்திருந்த ஓர் அண்ணனுக்குக் கிடைத்தது. அவர் உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, தப்புச் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாட்களில் எனக்குச் சாமி கும்பிடவே பயம். சீக்கிரம் கிடைக்கணும் என்று வேண்டினால் என்னத்தை வேண்டுகிறோம் என்று தெரியுமே! எதுவும் கேட்காமல் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வந்துவிடுவேன்.

மூன்றாவது போன் ராத்திரி ஒன்றேகாலுக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் ஒரு பை தொங்கியது. சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "யூரின் வருதும்மா, நல்லா வருது" என்றார். மூன்று வருஷமாக ஒரு சொட்டு வராத உடம்பு. அந்தப் பை கொஞ்சம் கொஞ்சமாக நிறைவதை, தொட்டிலில் பிள்ளை தூங்குவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே கிடந்தேன். ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டுகிற கிரியேட்டினின் அளவு ஒன்பதில் நின்றது, பத்து நாளில் ஒன்றரைக்குக் கீழே வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு டாக்டர் என்னைத் திட்டினார், எதற்கு என்றால் தண்ணீர் போதவில்லையாம், மூன்று லிட்டராவது குடிக்கணுமாம். திட்டு வாங்கி சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான்.

காலை எட்டு, ராத்திரி எட்டு, இரண்டு வேளையும் மாத்திரை தவறக்கூடாது, கூட்டத்தில் மாஸ்க், மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. ஆயுசுக்கும் இப்படித்தான், பரவாயில்லை. போன தீபாவளிக்கு மகளுக்கு நானே பாவாடை தைத்தேன். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த பிஸ்டுலா இடது மணிக்கட்டில் இன்னும் கிர்ரென்று ஓடுகிறது, தூக்கம் வராத ராத்திரியில் காதருகே வைத்துக் கேட்பேன்.

எனக்கு உயிர் கொடுத்தவரைப் பற்றி நர்ஸ்கள் பேசிக்கொண்டதில் காதில் விழுந்தது இவ்வளவுதான்: பைக் விபத்து, சின்ன வயசு. அந்த ராத்திரியில் ஐசியூ வாசலில் அவருடைய வீட்டார் நின்றிருப்பார்கள். உள்ளே மெஷின் தள்ளுகிற காற்றில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கையைத் தொட்டால் சுடுகிறது, ஆனால் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, நான்கு டாக்டர்கள் மூளைச்சாவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நெஞ்சு ஏறி இறங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே 'சரி, எடுத்துக்குங்க' என்று சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்? வந்திருக்கிறது. அதனால் நான் இருக்கிறேன்.

2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே அழுதது, அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற வீடுகளில் இந்தப் பேச்சே எழுந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று முதல்வர் அறிவித்ததும் பெரிய விஷயம். ஆனால் மாலையும் மரியாதையும் அந்த ஒரு நாளோடு முடிகிறது. அடுத்த மாதம், அடுத்த வருஷம், அந்த வீட்டில் யாராவது 'நாம் செய்தது சரிதானா' என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டாமா? அந்தப் பதிலை நான் சொல்வேன். எங்கே போய்ச் சொல்வது?

முகவரி கேட்டுப் பார்த்தேன், தரமுடியாது என்றார்கள். அது சரியான விதி, நான் குறை சொல்லவில்லை. முகம் தெரிந்தால் நாளைக்குப் பணம் நுழையும், கடமை என்று ஒருவரையொருவர் நெருக்குவோம், 1994-ம் வருஷ உறுப்பு மாற்றுச் சட்டம் எந்த உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க வந்ததோ அது பின்வாசல் வழியாக வந்துவிடும். எனக்கு முகவரி வேண்டாம். பெயர் இல்லாத ஒரு கடிதம் போய்ச் சேர வழி இருந்தால் போதும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படிக் கடிதங்களை உறுப்பு தான அமைப்புகளே வாங்கி, படித்து, அடையாளம் தெரிகிற வரியை நீக்கி, தானம் கொடுத்த குடும்பத்திடம் சேர்க்கின்றன. இங்கேயும் உறுப்பு மாற்று நடக்கிற மருத்துவமனைகளில் அதற்கென்று ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே 'எழுத விரும்பினால் இவரிடம் கொடுக்கலாம்' என்று எங்களுக்குச் சொல்கிற ஏற்பாடு எல்லா இடத்திலும் இருக்கணும். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் இஷ்டம். இன்றைக்கு மனசு வராதவர்களுக்கு ஐந்து வருஷம் கழித்து வரலாம், அதுவரை உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.

நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். பெயர் இல்லை, ஊர் இல்லை. தண்ணீர் குடிப்பதைப் பற்றியும் பாவாடையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடாதீர்கள். அவருடைய நினைவு நாள் எனக்குத் தெரியும், என் ஆபரேஷன் நாள்தான். முதல் வருஷம் அன்றைக்கு வீட்டில் இலை போட்டுப் படைத்தோம். என்ன பிடிக்கும் என்று தெரியாததால் வடை, பாயசம் என்று பொதுவாகச் செய்து வைத்தேன். அவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டிருக்கிறேன்.

அடுத்த செக்கப்புக்கு வரும்போது கடிதத்தைக் கையோடு கொண்டுவருகிறேன். யாரிடம் கொடுக்கணும் என்று மட்டும் சொல்லுங்கள்.