விலையில் சேராத பாலாறு

பல்லாவரம், சென்னை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த செய்தியை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இங்கே எல்லோரும் நலம். மழை தொடங்கியதும் என் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது, அதை விடு.

ஹாம்பர்க் கடையில் 140 யூரோவுக்கு வாங்கிய காலணிக்குள் இந்தியாவில் செய்தது என்று பார்த்ததும், நம் ஆம்பூர்ச் சரக்காகத்தான் இருக்கும் என்று பூரித்துப்போனதாக எழுதியிருந்தாய். உடனே தோல் கழிவால் கெட்டுப்போன பாலாறு நினைவுக்கு வந்து, இனி இதையெல்லாம் வாங்காமல் இருந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வாங்காமல் இருக்காதே. விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப் போகும் எத்தனையோ பெண்களின் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் காலணியால்தான். என் மனத்தாங்கலெல்லாம் அந்த விலையைப் பற்றியது. ஆற்றுக்கு நேர்ந்த சேதம் அதில் சேரவே இல்லை.

தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். அந்த உப்பைக் கழுவி விடுவதில் தொடங்குகிறது வினை. ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் போய்விடும். பழைய முறையில், தோலைப் பதனிடப் போடும் குரோம் என்ற ரசாயன உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறும். சுத்திகரித்தாலும் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்து நாகல்கேணியிலும் தோல் தொழிற்சாலைகள் உண்டு. பள்ளிக்குப் போகும் வழியில், குரோமில் ஊறிய தோல்களை வண்டியில் ஏற்றுவதைப் பார்ப்பேன். வெளிர்நீலமாக, ஈரம் சொட்டச் சொட்டக் கிடக்கும். அந்த நாற்றம் வகுப்பறை வரை கூடவே வரும். அங்கே குடியிருக்கும் என் மாணவிகளின் வீடுகளில் போர் தண்ணீர் தரை கழுவ மட்டும்தான். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். அந்தக் கேனுக்குக் கொடுக்கிற காசும் உன் காலணியின் அடக்கவிலையில் ஒரு பகுதிதானே, மல்லிகா? அதை ஹாம்பர்க் கடைக்காரரிடம் யாரும் வசூலிக்கவில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு தாய் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வேலூர் வழக்கு உனக்கு நினைவிருக்கும். தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. பிறகு ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. தென்னையெல்லாம் கருகி நின்ற உன் பெரியப்பாவின் கொல்லைக்கு அவ்வளவுதான் மதிப்பு. நீ வாங்கிய ஒரு ஜோடிக்கும் கீழே. அதே விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தலைமுறையே போய்விட்டது.

இன்னொரு பக்கத்தையும் பார். 1990-ஐ ஒட்டி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட பி.சி.பி. என்ற மருந்தை ஜெர்மனி தடைசெய்தது. நம்மவர்கள் சில ஆண்டுகளுக்குள் வேறு மருந்துக்கு மாறினார்கள். அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது. வாங்குகிறவர் கண்டிப்பாக நின்றால் முடியாதது எதுவுமில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அந்தக் கண்டிப்பெல்லாம் வாங்குகிறவர்களின் சொந்தத் தோலோடு நின்றுவிடுகிறது. 2015 மே 1 முதல், உடம்பில் படும் தோல்பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் குரோமியம்-6, அதாவது குரோமின் நச்சு வடிவம், இருந்தாலே ஐரோப்பாவில் விற்க முடியாது. நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். அதே ஆண்டு ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச்சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். காலணியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அந்தச் சேற்றைச் சோதிப்பவர் யார்? குறைந்த விலைக்குப் பேரம் பேசி, அதே விலைக்குள் சுத்திகரிப்பையும் பார்த்துக்கொள் என்றால், சின்ன முதலாளி எங்கே கை வைப்பான்? ராத்திரியில் வாய்க்காலைத் திறந்துவிடுவான். அவன் செய்வது குற்றம்தான். அந்த விலையைப் பேசியவருக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

உங்கள் நாட்டில் 2023 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தமக்குச் சரக்கு வரும் வழியைக் கவனிக்க வேண்டும். குடிநீரைக் கெடுப்பதும் அதில் அடக்கம். புகார் வாங்க ஒரு வழியும் வைத்திருக்க வேண்டும். அதைத் தளர்த்தும் பேச்சு நடக்கும்போதே நீ எழுதிவிடு. இந்தக் காலணியின் தோல் எந்த ஊரில் பதனிடப்பட்டது, அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது, சுத்திகரிப்புச் செலவை விலையில் சேர்த்துக் கொடுக்கிறீர்களா என்று கேள். விலைச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் அதன் படத்தையும் இணைத்து அனுப்பு. உன் மகளின் ஜெர்மன் இதற்காவது பயன்படட்டும்.

பதில் வந்ததும் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. தை மாதம் வாணியம்பாடி போகிறேன். உன் அண்ணனிடமும் அவருடைய விவசாயிகள் சங்கத்தாரிடமும் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
கலா